வேண்டாம் என்ற வீடு

எங்கள் ஊரில் ஒருவர் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டுமென்றால் கையில் ஒரு காரணம் இருக்க வேண்டும். பசு வேலி தாண்டிவிட்டது, மின்கம்பி அறுந்து கிடக்கிறது, இன்னார் போய்ச் சேர்ந்துவிட்டார், இப்படி ஏதாவது ஒன்று. சும்மாதான் வந்தேன் என்று யாராவது வாசலில் வந்து நின்றால் வீட்டுக்காரருக்கு முகம் வெளுத்துவிடும். "யாரு செத்தாங்க?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். ஒஹாயோவின் இந்தச் சோளக்காட்டிலேயே பிறந்து, இங்கேயே வாழ்க்கைப்பட்டு, அறுபதை எட்டப்போகிறேன் நான். இங்கே இருப்பவர்கள் நல்லவர்கள், அதில் சந்தேகமே இல்லை. ஒருவன் காலொடிந்து படுத்தால் ஊரே இயந்திரங்களை ஓட்டிக்கொண்டு வந்து அவன் வயலை அறுத்துக் கொடுத்துவிடும். அறுத்துக் கொடுத்த கையோடு, ஒரு வாய் காப்பிக்குக்கூட உட்காராமல் அவரவர் வீட்டுக்குப் போய்விடும். இந்தப் பழக்கத்தின் மேல் எனக்குக் கொஞ்சநஞ்சக் கோபமில்லை. ஆர்லன் ஸ்ட்ராமைப் பற்றிச் சொல்வதென்றால் அந்தக் கோபத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஆர்லனுடையது சாலையின் கடைசி வீடு. தார் அங்கே முடிந்துவிடும், அதற்கப்பால் சரளைக்கல்லும் ஓடையும்தான். பள்ளிக்கூடப் பேருந்து அவருடைய வாசலுக்குள் மூக்கை நுழைத்துத்தான் திரும்பிப் போகும். வேறு வண்டி எதுவும் அந்தப் பக்கம் வர வேண்டிய வேலையில்லை. அவரும் அண்ணன் ஜீனும் கல்யாணம் செய்துகொள்ளாமல் காலையும் மாலையும் மாடு கறந்தே வாழ்க்கையைக் கழித்தவர்கள். இருவருக்கும் சேர்த்துப் பேசுவது ஜீன். இருவருக்கும் சேர்த்துச் சமைப்பது ஆர்லன். ஜீன் இறந்தபின் மாடுகளை விற்றுவிட்டார். பேச்சை என்ன செய்வதென்று யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

ஊருக்கு அவரைத் தெரிந்ததெல்லாம் ஒரு பலகையால்தான்.

எங்கள் பள்ளிக்கூடம் ஓடுவது வீட்டுக்கும் நிலத்துக்கும் நாங்கள் கட்டும் வரியில். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை அது காலாவதியாகும். இன்னும் ஐந்து வருஷத்துக்கு வேண்டுமா வேண்டாமா என்று ஊரே வாக்களிக்க வேண்டும். புதிய வரி இல்லை, கட்டிக்கொண்டிருக்கும் அதே வரிதான். இருந்தாலும் ஒவ்வொரு முறையும் வீட்டுக்குள் திருடன் புகுந்துவிட்டதுபோல ஒரு கூட்டம் கூச்சல் போடும். அந்தக் கூட்டத்துக்குத் தலைவர் ஜீன். கொட்டகைப் பலகை ஒன்றைப் பெயர்த்து, "பள்ளிக்கூட வரி வேண்டாம்" என்று சிவப்புச் சாயத்தில் எழுதி, வாசலில் நட்டுவைத்திருந்தார். வரிக் குழு என்று ஒன்று உண்டு. பிள்ளைகளைப் பெற்றவர்கள், ஓய்வுபெற்ற வாத்தியார்கள், இப்படிப்பட்டவர்கள். அவர்கள் வீடு வீடாகப் போய் ஆதரவு கேட்பார்கள். ஆதரவு என்று சொன்ன வீட்டு வாசல் புல்லில் ஒரு பச்சை அட்டையைக் குத்திவிட்டு நன்றி சொல்லிப் போய்விடுவார்கள். எதிர்ப்பு என்று சொன்ன வீட்டில்தான் உட்கார்ந்து பேசுவார்கள். ஸ்ட்ராம் வீட்டில் பேச்சு மணிக்கணக்கில் போகும். ஜீன் மேசையைத் தட்டித் தட்டிப் பேசுவார், ஆர்லன் அடுப்பங்கரையில் நின்றபடி காப்பி ஊற்றிக் கொடுப்பார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்ற ரகம் ஜீன். ஆனாலும் அடுத்த வாரம் வேறு இரண்டு பேர் வேறு கேக்கோடு வருவார்கள். ஜீன் போய் வருஷங்கள் ஆன பிறகும், கடைசியாக வரி வந்தபோது அதே பலகை அதே இடத்தில் நின்றது. தம்பியும் அண்ணனைப்போலத்தான் என்று ஊர் முடிவு செய்துவிட்டது.

இந்தக் கதை நடந்த வருஷம் வரிக் குழுவுக்குப் புதிதாக ஒருவன் வந்து சேர்ந்தான். பெயர் பிரென்ட். கொலம்பஸ் நகரத்துக்காரன், காப்பீடு விற்பவன், எங்கள் ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து குடியேறியவன். குழுவின் தலைவி கோனி. முடி திருத்தும் கடை வைத்திருப்பவள், என் பள்ளித் தோழி. நான் அவள் கடையில் தலையைக் கொடுத்து உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தப் பேச்சு நடந்தது.

"எதிர்ப்பு ஓட்டுப் போடறவங்க வீட்டுக்கெல்லாம் போறது தண்ட வேலை கோனி," என்றான் பிரென்ட். "நம்ம ஆளுங்களை மட்டும் சாவடிக்குக் கொண்டு போய்ச் சேர்த்தா போதும். வண்டி இல்லாதவங்களுக்கு வண்டி விடுவோம். நகரத்துல எல்லாம் இப்படித்தான் பண்றாங்க."

"ஸ்ட்ராம் வீட்டுக்குப் போகாம ஒரு வரித் தேர்தலா?" கோனி கத்தரிக்கோலை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "தீபகற்பத்துல கடல் இல்லங்கற மாதிரி இருக்கு."

"போன தடவ அத்தனை நடை போனீங்களே, அந்தப் பலகையை எடுத்தாரா?"

"எடுக்கல."

"கல்லுல நார் உரிக்கறதை இந்த வருஷம் விட்டுடலாம்."

கோனி தோளைக் குலுக்கிவிட்டு என் தலைக்குத் திரும்பினாள். அவ்வளவுதான். ஒரு மனிதரை ஊர் கைவிடுவதற்கு அதற்கு மேல் நேரம் ஆவதில்லை.

நான் தானியக் கிடங்கில் வேலை பார்க்கிறேன். லாரிகளை எடை போடுவது, விதையும் தீவனமும் விற்பது. அந்த ஏப்ரலில் ஆர்லன் பறவைத் தீவனம் வாங்க வந்தார், அதுவும் டிராக்டரில். கண் மங்கிவிட்டதால் கார் உரிமத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். டிராக்டருக்கு உரிமம் தேவையில்லை என்பதால் எங்கள் ஊர்க் கிழவர்கள் எல்லாம் கடைசியில் டிராக்டருக்குத்தான் வந்து சேருவார்கள்.

"ஏம்மா ஜோலீன், இந்த வருஷம் அந்த வரி இருக்கா இல்லையா?"

"இருக்கே ஆர்லன். மே மாசம் ஓட்டு. ஊரெல்லாம் அட்டை குத்தி வெச்சிருக்காங்களே, பாக்கலையா?"

"எனக்கு எல்லாம் பச்சையா ஒரு திட்டாத்தான் தெரியுது. புல்லுன்னு நினைச்சேன்." மூட்டையைத் தடவினார். "எங்க பக்கம் ஒருத்தரும் வரலையே."

"உங்களுக்குத்தான் அவங்களைக் கண்டாலே ஆகாதே. வராட்டி நிம்மதிதானே?"

"நிம்மதிதான், நிம்மதிதான்." மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். "காப்பித்தூள் நிறைய வாங்கிட்டேன். அதுதான் வீணாப்போகும்."

கிழவர் கிண்டல் செய்கிறார் என்று சிரித்தேன். அவரும் கூடச் சிரித்தார்.

தேர்தல் நாளன்று நான் சாவடியில் மேசைக்காரி. விவசாயிகள் சங்கக் கூடத்தில் பெயர் சரிபார்த்து வாக்குச்சீட்டு கொடுப்பது என் வேலை. வாசலிலிருந்து கொஞ்ச தூரத்தில் இரண்டு சின்னக் கொடிகளைப் புல்லில் நட்டிருப்போம். கொடிக்கு இந்தப் பக்கம் யாரும் எதற்கும் ஆதரவோ எதிர்ப்போ பேசக் கூடாது. பிரென்டின் வண்டி அன்று முழுக்கக் கொடிக்கு அந்தப் பக்கம் வந்து வந்து போனது. பாட்டிமாரையும் ஊன்றுகோல்காரர்களையும் இறக்கிவிட்டுப் பறந்தது. நல்ல உழைப்பாளி, அதை மறுக்க முடியாது. ஸ்ட்ராம் வீட்டுத் திசையிலிருந்து மட்டும் யாரும் வரவில்லை.

சாயங்காலம் ஏழரைக்கு வாக்குப்பதிவு முடிந்தது என்று நான்தான் வாசலில் நின்று உரக்கச் சொன்னேன். கதவைச் சாத்தும்போது டிராக்டர் சத்தம் கேட்டது. பால்பண்ணைக்காரர்கள் சவ அடக்கத்துக்குப் போட்டுக்கொள்ளும் கறுப்புக் கோட்டில் ஆர்லன், நெட்டுக்குத்தாக உட்கார்ந்து, நத்தை வேகத்தில் வந்துகொண்டிருந்தார்.

"மூடியாச்சு ஆர்லன்," என்றேன். "சட்டம். வரிசையில நின்னிருந்தா விட்டிருப்பேன்."

"தெரியும். சட்டம்னா சட்டம்தான்."

"இவ்வளவு லேட்டா வந்தா என்ன பண்றது? காலையிலேயே கிளம்பியிருக்கலாமே."

"வண்டி அனுப்பறேன்னு சொன்னாங்க. காலைலேர்ந்து வாசல்லயே நின்னுட்டிருந்தேன்."

"யாரு அனுப்பறேன்னாங்க?"

அவர் கொடிகளைக் கைகாட்டினார். "இங்க பேசக் கூடாதும்மா."

சாவடியைக் கட்டி ஒழுங்குபடுத்த எங்களுக்கு ஒரு மணி நேரமாவது ஆகும். வாக்குப் பெட்டியை மாவட்டத்துக்குக் கொண்டு போவது வேறு இருவர் பொறுப்பு. நான் வெளியே வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. ஆர்லன் டிராக்டரிலேயே உட்கார்ந்திருந்தார். விளக்கு எரியவில்லை, கண்ணும் தெரியவில்லை, கிளம்பப் பயம், கேட்கக் கூச்சம். அவரை முன்னால் விட்டு, என் காரின் எச்சரிக்கை விளக்குகளைப் போட்டுக்கொண்டு பின்னாலேயே ஊர்ந்து போனேன். வழியெல்லாம் என் விளக்கு அவருடைய முதுகில் விழுந்து விழுந்து அணைந்தது. அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு அவ்வளவு தூரம் ஓட்டியதை என்னால் மறக்க முடியவில்லை.

வீட்டு வாசலில் அந்தப் பலகை. இறங்கி நன்றி சொல்லி அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். "காப்பி இருக்கு," என்றார்.

சமையலறை மேசையில் நாலு கோப்பைகள் கவிழ்த்து வைத்திருந்தன. நடுவில் ஒரு தகர டப்பா. திறந்தால் காற்றாலை வடிவப் பிஸ்கட், ஒன்றுகூடக் குறையாமல். பெருக்கித் துடைத்த வீடு. ஏப்ரல் முழுக்க அந்த வீடு அப்படியே தயாராக இருந்திருக்கிறது.

"வண்டி அனுப்பறேன்னு யாரு சொன்னா?"

"தபால்ல ஒரு சீட்டு வந்துச்சு. சாவடிக்குப் போக வண்டி வேணுமா, கூப்பிடுங்கன்னு. கூப்பிட்டேன். ஒரு பையன் ரொம்ப மரியாதையா பேசினான். பேரைச் சொன்னதும் ஒரு நிமிஷம் சத்தமே இல்ல. அப்புறம் வரோம்னான்."

எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் பற்றிக்கொண்டு வந்தது. அதோடு வேறொரு குழப்பமும் வந்தது. "அவங்க ஆதரவு ஓட்டுக்காரங்களுக்குத்தான் வண்டி விடறாங்க ஆர்லன். வாசல்ல வேண்டாம்னு பலகை நட்டுட்டு அவங்களையே வண்டி கேட்டா எப்படி?"

"நான் எப்ப எதிர்ப்பு ஓட்டுப் போட்டேன்?"

கோப்பையைக் கீழே வைத்தேன்.

"ஜீன் இருந்தப்பவே நான் ஆதரவுதான். அவன் ஓட்டை நான் வெட்டிடுவேன், என் ஓட்டை அவன் வெட்டிடுவான். பஸ் நம்ம வாசல்லதானே திரும்புது? காலைல ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ. அந்த டிரைவர் பொண்ணு ரெண்டு விரலைத் தூக்கிக் காட்டும். பின் சீட்டுப் பசங்க நாக்கைத் துருத்துவானுங்க. வேற யாரும்மா திரும்பறாங்க நம்ம வாசல்ல? அதுக்கு நான் வரி கட்ட மாட்டேனா?"

"அப்ப இந்தப் பலகை?"

அவர் டப்பாவை என் பக்கம் நகர்த்தினார். "ஜீன் போனப்புறம் முதல் தடவ வரி வந்துச்சு. பலகையை எடுத்துக் கொட்டகையில வெச்சிட்டேன். அவங்க வந்தாங்க. நான் ஆதரவுதான்னு சொன்னேன். ரொம்ப சந்தோஷம் மிஸ்டர் ஸ்ட்ராம்னு ஒரு அட்டையைக் குத்திட்டுப் போய்ட்டாங்க. காரை நிறுத்தக்கூட இல்ல, எஞ்சின் ஓடிட்டே இருந்துச்சு. நான் காப்பி போட்டு வெச்சிருந்தேன். அடுத்த தடவ வரி வந்தப்போ பலகையைத் திரும்ப நட்டுட்டேன். அந்த வசந்தம் முழுக்க ஆளுங்க வந்தாங்க ஜோலீன். கோனி ரெண்டு தடவ வந்தா. ஜீன் சொன்னதெல்லாம் நான் சொன்னேன். ஞாபகம் இல்லாததைக் கத்திச் சமாளிச்சேன்."

அவர் சிரித்தார். என்னால் முடியவில்லை. ஒரு பிஸ்கட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

"நாளைக்கே கோனிகிட்ட சொல்றேன்," என்றேன்.

"வேண்டாம்!" ஜீனைப்போலவே மேசையைத் தட்டினார். "சொல்லிடாதே. நான் ஆதரவுன்னு தெரிஞ்சா அப்புறம் யாரு வருவா?"

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

முடிவு வந்தபோது ஊரே நம்பவில்லை. ஆதரவும் எதிர்ப்பும் சரிசமம். மறுபடி எண்ணினார்கள், அப்போதும் சமம். எங்கள் சட்டத்தில் சமம் என்றால் தோல்வி. கோனி கிடங்குக்கே வந்து என் எடைமேடைப் படியில் உட்கார்ந்து அழுதாள்.

"ஒரே ஒரு ஓட்டு ஜோலீன்! ஒண்ணே ஒண்ணு! எங்கேர்ந்தாவது ஒரு ஆளைப் பிடிச்சிருக்க மாட்டோமா?"

"வண்டி கேட்ட எல்லாரையும் கூட்டிட்டு வந்தீங்களா?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"எல்லாரையும்தான். ஸ்ட்ராமைத் தவிர." கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "அந்தக் கிழவருக்கு என்ன திண்ணக்கம் பாரு! நமக்கு எதிரா ஓட்டுப் போட நம்ம வண்டியையே கேக்கறாரு. பிரென்ட் ஊரெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிச்சான்."

கொடுத்த வாக்கு என் நாக்கைக் கட்டியிருக்காவிட்டால் அன்று கோனியோடு எனக்கிருந்த நாற்பது வருஷ நட்பு முறிந்திருக்கும். நான் எழுந்துபோய் ஒரு லாரியை எடை போட்டேன். அந்த லாரியை ஏற்கனவே எடை போட்டாயிற்று.

தோற்ற வரியை நவம்பரில் மறுபடி கேட்கலாம். அதுவரை பள்ளிக்கூடம் வயிற்றைக் கட்ட வேண்டும். இசை ஆசிரியை போனாள். ஆகஸ்டில் பள்ளி திறந்தபோது பேருந்துத் தடங்களைச் சுருக்கினார்கள். பேருந்து இனி நாற்சந்தியோடு திரும்பிவிடும், அந்தச் சாலைப் பிள்ளைகளைப் பெற்றவர்களே அங்கே கொண்டு வந்து விட வேண்டும். அந்த வாரம் நான் அந்தப் பக்கம் போனபோது ஆர்லன் தபால் பெட்டிக்கருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தபால் அன்றைக்கு இல்லை, ஞாயிற்றுக்கிழமை. நான் ஹாரன் அடித்துக் கையாட்டினேன். கார் யாருடையது என்று அவருக்குத் தெரியவில்லை. தெரியாமலே, நான் திரும்பிப் போகும்வரை கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

நானே போய் உட்கார்ந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். ஒருமுறை கேக் எடுத்துக்கொண்டு போனேன். வாங்கிக்கொண்டு வாசலிலேயே நின்றார். "என்ன விஷயம்?" என்றார். விஷயம் ஒன்றுமில்லை என்றேன். இரக்கப்பட்டு வந்தவளைப் பார்க்கிற பார்வையில் என்னைப் பார்த்தார். அந்த வீட்டின் கடைசி கௌரவமும் என்னால் போக வேண்டுமா என்று திரும்பிவிட்டேன். அவர் பேரிலும் குற்றமில்லை. அவரும் இந்த ஊர்க்காரர்தானே.

செப்டம்பரில் கோனியின் கடைக்குப் போய், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "ஸ்ட்ராம் கொஞ்சம் அசையறாரு போலிருக்கு."

கத்தரிக்கோல் நின்றது. "யாரு சொன்னா?"

"கிடங்குல பேசினாரு. பலமா யாராவது எடுத்துச் சொன்னா மாறுவாருன்னு தோணுது. ஒரு தடவ போனா போதாது. அவரு கொஞ்சம் கெட்டி."

ஒரு ஓட்டில் தோற்றவர்களுக்கு ஒரு ஓட்டின் அருமை தெரியும். அந்த வாரமே கோனி போனாள். அடுத்த வாரம் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் போனார். பிறகு பிரென்ட் போனான், வெட்கம் வந்து போனானோ வீம்பில் போனானோ தெரியாது. போனவன் இரண்டு மணி நேரம் கழித்து முகம் சிவந்து வெளியே வந்தான். மறுநாளே பழைய வரி ரசீதெல்லாம் எடுத்துக்கொண்டு திரும்பப் போனான்.

"எப்படிப் போகுது?" என்று கேட்டேன் அவனிடம்.

"பிடி கொடுக்க மாட்டேங்கறாரு! இன்னிக்கு ஒத்துக்கறாரு, நாளைக்குப் போனா புதுசா ஒண்ணைக் கிளப்பறாரு. நேத்து என்னை முட்டை நூடுல்ஸ் சாப்பிட்டாத்தான் மேற்கொண்டு பேசுவேன்னுட்டாரு."

"சாப்பிட்டியா?"

"நல்லாத்தான் இருந்துச்சு," என்றான், தோற்றவன் குரலில்.

அந்த அக்டோபரில் நான் வேண்டுமென்றே அந்தச் சாலை வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போவேன். என் கணவர் லாரி ஓட்டுபவர், வாரத்தில் பாதி நாள் வெளியூரில். எனக்கும் காலியான வீட்டுக்குப் போக அவசரமில்லை. ஆர்லன் வாசலில் சில நாள் இரண்டு கார்கூட நிற்கும். சமையலறை விளக்கு வெளிச்சத்தில் அவர் எழுந்து நின்று கையை வீசிப் பேசுவது தெரியும். நிஜமாகவே எதிர்ப்பவர்கூட அவ்வளவு அக்கறையாக எதிர்க்க மாட்டார்.

நவம்பரில் பிரென்டே அவரைச் சாவடிக்குக் கூட்டி வந்தான், கைத்தாங்கலாக, வரும்போதும் வாதாடிக்கொண்டே. கொடி வந்ததும் இருவரும் கப்சிப். நான் சீட்டைக் கொடுத்தேன். ஆர்லன் என்னைப் பார்த்து முகத்தில் ஒரு சலனமும் காட்டாமல் வாங்கிக்கொண்டார். வெளியே போனதும் பிரென்ட் கேட்டது சன்னல் வழியாக என் காதில் விழுந்தது.

"கடைசியில என்ன போட்டீங்க மிஸ்டர் ஸ்ட்ராம்?"

"அது என் விஷயம்," என்றார் ஆர்லன்.

வரி நல்ல வித்தியாசத்தில் ஜெயித்தது. கோனியின் கடையில் கேக் வெட்டினார்கள். ஸ்ட்ராமைத் திருப்பியவன் நான்தான் என்று பிரென்ட் மார்தட்டிக்கொண்டான். நான் இரண்டு துண்டு தின்றேன். அடுத்த பருவத்திலிருந்து பழைய தடத்திலேயே பேருந்து போகும் என்று அறிவித்தார்கள்.

இரண்டு வாரம் கழித்து ஆர்லன் தீவனம் வாங்க வந்தார். "ஜெயிச்சுட்டோம்," என்றேன், கடையில் வேறு யாரும் இல்லாததால்.

"ஆமா." கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார். "அடுத்தது எப்போ?"

"அஞ்சு வருஷம் கழிச்சு."

"அஞ்சா?" அவருக்கு அப்போதே எண்பத்திரண்டு. "வேற வரி ஒண்ணும் இல்லையா நடுவுல?"

"அடுத்த வருஷம் தீயணைப்பு வண்டிக்கு ஒண்ணு இருக்கு."

"ஐய, அதுக்கு யாரும் வர மாட்டாங்க. தீயணைப்பை யாரு எதிர்க்கறா?" மூட்டையைத் தூக்கினார், முதல் முயற்சியில் வரவில்லை. "ஒரு வருஷ வரியா போடச் சொல்லியிருக்கலாம் ஜோலீன். உனக்குக் கோனியைத் தெரியுமே. சொல்லியிருக்கலாம்."

விளையாட்டாகச் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

ஜனவரியில் பேருந்து திரும்பி வந்தது. பனி மூடிய வாசலில் அந்தப் பலகை மட்டும் சிவப்பாக நின்றது. தேர்தல் முடிந்தால் பலகையை எடுத்துவிட வேண்டும் என்று எங்கள் ஊரில் விதி உண்டு. யாரும் யாரையும் கேட்பதில்லை. பனி அதன் பாதி எழுத்தை மறைத்துவிட்டிருந்தது. யாருமில்லாத சாலையைப் பார்த்து அது "வேண்டாம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து அந்தப் பக்கம் போனவள், இரண்டுமுறை கடந்து போய், மூன்றாம் முறை காரை அவர் வாசலில் திருப்பி எஞ்சினை அணைத்தேன்.

கதவைத் தட்டினேன். வெகு நேரம் கழித்துத் திறந்தார். அந்த மங்கின கண்ணில் பயம்.

"யாரு செத்தாங்க?"

"யாரும் சாகல. உங்ககிட்ட சண்டை போட வந்திருக்கேன். தேர்தல் முடிஞ்சு எத்தனை நாளாச்சு? அந்தப் பலகையை எடுக்கணும் ஆர்லன். விதி இருக்கு."

அவர் என்னையே பார்த்தார். பிறகு என் தோளுக்கு மேலாகப் பலகையைப் பார்த்தார். அவர் முகத்தில் ஜீன் மெதுவாக ஏறி வந்தார்.

"எடுக்க மாட்டேன்."

"எடுத்துத்தான் ஆகணும்."

"என் நிலம், என் பலகை. எந்த விதி, எப்பப் போட்ட விதி, யாரு போட்டா? எல்லாத்தையும் நீ எனக்கு எடுத்துச் சொல்லணும்." கதவை அகலத் திறந்துவிட்டு, சுவரைத் தடவியபடி சமையலறைக்கு முன்னால் நடந்தார். கோப்பைகளைத் தேடும் சத்தம் கேட்டது. "இது ஒரு நாள்ல தீர்ற சண்டை இல்ல. உள்ள வா, குளிர் வருது."

அடுத்த செவ்வாய்க்கிழமையும் போனேன். பலகை அங்கேயேதான் நின்றது.